அமெரிக்காவில் மாநிலங்கள் ஓட்டுப் போட்டு ஏற்றன... நம் அரசமைப்புச் சட்டத்தை ஏற்றது யார்? அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் கதை

செஞ்சிக்கோட்டைக்கு வீக்எண்ட் ட்ரிப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமும் பார்சுவநாதர் கோயிலும் இங்கேதான் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர்கள் சுமார் 89 ஆயிரம் பேர். மொத்த மக்கள்தொகையில் 0.12 சதவீதம். ஓட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எந்தக் கட்சியும் கவலைப்படத் தேவையில்லாத எண்ணிக்கை.

ஆனாலும் இந்த மடம் தன் மத விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளலாம், பெரும்பான்மை நினைத்தாலும் அதைப் பறித்துவிட முடியாது. காரணம், அரசமைப்புச் சட்டத்தின் 26-வது பிரிவு. தன் மொழியையும் பண்பாட்டையும் காப்பாற்றிக்கொள்ளும் உரிமையை 29-வது பிரிவு தருகிறது. மடத்துக்குப் பக்கத்து வயலில் கூலி வேலை செய்கிறவருக்கும் சென்னையில் கோடிகளில் புரளும் தொழிலதிபருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அதற்குக் காரணம் 326-வது பிரிவு.

இதையெல்லாம் எழுதியது யார் என்று கேட்டால் உடனே வரும் பதில், டாக்டர் அம்பேத்கர். சரியான பதில்தான். ஆனா, வரைவுக் குழுவில் தன்னைவிடத் திறமையானவர்கள் இருந்தார்கள் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்ன அம்பேத்கர், அதற்கு உதாரணமாக ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவர்தான் மெட்ராஸ் வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். மற்றவர்களில் பலருக்கு இன்று தெரியாது. தெரிந்தவர்களுக்குள்ளும் இவரைப் பற்றி ஒரே கருத்து கிடையாது. அது ஏன் என்று பார்ப்போம்.

யார் இந்த அல்லாடி?

1883 மே 14 அன்று, அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் புதூர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஏகாம்ர சாஸ்திரி, கோயில் அர்ச்சகர். வீட்டில் வசதி இல்லை. படிப்பு மட்டும்தான் முன்னேற ஒரே வழி. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் வரலாறு படித்தார். பிறகு சட்டம். 1907-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

அந்தக் காலத்தில் பெரிய வக்கீல் ஆக வேண்டுமென்றால் லண்டன் போய் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வருவது வழக்கம். அல்லாடி அப்படிப் போகவில்லை. மெட்ராஸ் ஐகோர்ட்டிலேயே வளர்ந்து 1929-ல் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1944 வரை 15 வருடம் அதே பதவி. நடுவில் 1932-ல் பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். காந்தியின் சட்ட மறுப்பு இயக்கமும் வெள்ளையனே வெளியேறு போராட்டமும் நடந்தபோது இவர் இருந்தது அரசுத் தரப்பின் தலைமை வக்கீல் நாற்காலியில். சிறைக்குப் போனவர் இல்லை, காங்கிரஸ் உறுப்பினரும் இல்லை.

அப்படிப்பட்டவர் அரசியல் நிர்ணய சபைக்குள் வந்தது எப்படி?

1946-ல் அந்தச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது காங்கிரஸ் ஒரு முடிவு எடுத்தது. போராட்டம் நடத்தத் தெரிந்தவர்கள் கட்சியில் நிறைய இருந்தார்கள். சட்ட நுணுக்கத்தோடு வரைவு எழுதத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. அதனால் கட்சிக்கு வெளியே இருந்த நிபுணர்களையும் தன் ஆதரவோடு உள்ளே கொண்டுவந்தது. மெட்ராஸிலிருந்து அப்படிப் போனவர்கள் அல்லாடியும் என்.கோபாலசாமி ஐயங்காரும்.

1947 ஆகஸ்ட் 29 அன்று அமைக்கப்பட்ட ஏழு பேர் கொண்ட வரைவுக் குழுவில் இருவருக்குமே இடம் கிடைத்தது. அம்பேத்கர் தலைவர். அடிப்படை உரிமைகள் துணைக்குழு, மத்திய அரசின் அதிகாரங்களுக்கான குழு, சுப்ரீம் கோர்ட் பற்றிய தற்காலிகக் குழு என முக்கியமான பல குழுக்களில் அல்லாடி இருந்தார். அவரிடம் எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: உலகின் மற்ற அரசமைப்புகள் நடைமுறையில் எப்படி வேலை செய்தன என்ற அறிவு. அதில் முதலிடம் அமெரிக்காவுக்கு.

அமெரிக்காவில் எப்படி நடந்தது?

1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் 39 பேர் அமெரிக்க அரசமைப்பில் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு அது சட்டமாகிவிடவில்லை. 13 மாநிலங்களிலும் இதற்கென்றே தனி மாநாடுகள் நடத்தி, குறைந்தது 9 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் ஒப்புக்கொண்டது டெலாவேர், 1787 டிசம்பர் 7-ல். ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று ஒப்புக்கொண்டதும் அரசமைப்பு உயிர் பெற்றது. ரோட் ஐலண்ட் மட்டும் 1790 மே மாதம் வரை இழுத்தடித்து, கடைசியில் 34-க்கு 32 என்ற கணக்கில் தலையாட்டியது. மையத்தில் அதிகாரம் குவிந்தால் இன்னொரு ராஜா முளைத்துவிடுவாரோ என்ற பயம் பலருக்கு இருந்தது. தனிமனித உரிமைகள் எழுதப்படவே இல்லை என்ற எதிர்ப்பும் வலுத்தது. அந்தப் பேரத்தில் பிறந்ததுதான் 1791-ல் சேர்க்கப்பட்ட உரிமைகள் பட்டியல், அதாவது முதல் பத்துத் திருத்தங்கள்.

ஆனா, அந்த ஒப்புதலில் அடிமைகளுக்குப் பங்கு கிடையாது. பெண்களில் பெரும்பாலோருக்கும் கிடையாது. சொத்து இல்லாத ஆண்கள் பலருக்கும் கிடையாது.

இந்தியாவில் மாநிலங்களிடம் ஏன் கேட்கவில்லை?

இங்கே கதையே வேறு. அமெரிக்காவில் மாநிலங்கள் முதலில் தனித்தனியாக இருந்தன, பிறகு ஒன்று சேர்ந்தன. அதனால் அவற்றின் சம்மதம் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களோ ஏற்கனவே ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. அவை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு யூனியனில் சேரவில்லை. பிரிவினைக் கலவரமும் அகதிகள் பிரச்சினையும் கண்முன் இருந்த நேரத்தில், மாகாணம் மாகாணமாகப் போய் ஒப்புதல் கேட்கும் யோசனைக்கு இடமே இல்லை. வலுவான மத்திய அரசு வேண்டும் என்று நினைத்தவர்களில் அல்லாடியும் ஒருவர்.

1948 பிப்ரவரியில் வரைவு வெளியானது. சுமார் எட்டு மாதம் பொதுமக்கள் கருத்துக்காக இருந்தது. பிறகு பிரிவு பிரிவாக விவாதம். உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் 7,635. விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473. 1949 நவம்பர் 26 அன்று சபை அதை ஏற்றது. 1950 ஜனவரி 24 அன்று 284 உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். ஜனவரி 26-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. சமஸ்தானங்கள் தரப்பில் மன்னர்களும் ராஜபிரமுகர்களும் ஏற்புப் பிரகடனம் வெளியிட்டார்கள். மெட்ராஸ் போன்ற மாகாணங்களில் தனியாக ஒப்புதல் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

இதில் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. நம் அரசமைப்பும் மக்களின் பெயரால்தான் தொடங்குகிறது. ஆனா, அதை எழுதிய சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாண சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டசபைகளுக்கான 1946 தேர்தலில், வயது வந்தவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்குத்தான் ஓட்டுரிமை. சொத்து, வரி, படிப்பு என ஏதாவது ஒரு தகுதி காட்டணும். தென்னாற்காடு கிராமத்துக் கூலித் தொழிலாளியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் ஓட்டு

அந்தக் கேள்விக்குச் சபை கொடுத்த பதில்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. (18 வயது ஆனது 1989-ல்.)

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதம்தான். படிக்கத் தெரியாதவர்கள் ஜாதி பார்த்து, காசு வாங்கி, பண்ணையார் சொல்படி ஓட்டுப் போடுவார்கள் என்று படித்தவர்கள் பலர் பயந்தார்கள். படிப்படியாகக் கொடுக்கலாமே என்ற குரல் இருந்தது. அமெரிக்காவிலேயே அப்போது தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்களை எழுத்தறிவுத் தேர்வு வைத்து ஓட்டுச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், ‘சர்’ பட்டம் வாங்கியவர், மயிலாப்பூர் வக்கீல். இவர் பயந்த கூட்டத்தில் இருந்திருப்பார் என்றுதான் தோன்றும். நடந்தது நேர் எதிர். சாதாரண மனிதர்கள் மீது சபை முழு நம்பிக்கை வைத்தே இந்த முடிவை எடுத்திருக்கிறது, அறியாமையும் எழுத்தறிவின்மையும் இதற்குத் தடையாக முடியாது என்று 1949 நவம்பரில் தன் நிறைவுரையில் வாதிட்டார் அல்லாடி. குடியுரிமை விவாதத்திலும் இதே நிலைப்பாடுதான். மதத்தையோ இனத்தையோ வைத்து ஆட்களைப் பிரிக்க முடியாது என்றார். பிரிவினை முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம் அது.

விளைவு என்ன? 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் அதிகமானவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். மெட்ராஸ் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152-ல்தான் ஜெயித்தது. வட, தென்னாற்காடு மாவட்டங்களில் விவசாயிகளையும் கூலித் தொழிலாளர்களையும் திரட்டிய புதிய கட்சிகள் எழுந்தன. தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், காமன்வீல் கட்சிக்கு 6 இடம். ராஜாஜி மந்திரிசபை அமைக்க காமன்வீல் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது, அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். யாரிடமும் கேட்காமல் எழுதப்பட்ட ஒரு சட்டத்தை, செஞ்சிப் பக்கத்து மக்கள் முதல் வாய்ப்பிலேயே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

‘டியூ ப்ராசஸ்’: நீக்கப்பட்ட ஒரு சொல்

இனி அல்லாடியின் சர்ச்சைக்குரிய பக்கம்.

அமெரிக்க அரசமைப்பின்படி ‘டியூ ப்ராசஸ்’, அதாவது உரிய சட்ட நெறிமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்க முடியாது. அரசு போட்ட சட்டமே நியாயமானதா என்று கோர்ட் கேள்வி கேட்க இது வழி தருகிறது. நம் ஆரம்ப வரைவிலும் இந்தச் சொல் இருந்தது.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனா, அமெரிக்க நீதிபதிகள் இதை வைத்துச் செய்த வேறொரு காரியமும் உண்டு. பேக்கரி தொழிலாளிகளை நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. அது ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று 1905-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கும் 1923-ல் அதே கதி. இந்தப் போக்கு மாற 1937 ஆனது.

அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் 1947 கடைசியில் அமெரிக்கா போனபோது, அந்நாட்டு நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரும் இந்தச் சொல் வேண்டாம் என்றே ஆலோசனை சொன்னார். வரைவுக் குழு அதை எடுத்துவிட்டு, ஜப்பான் அரசமைப்பை ஒட்டி ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று மாற்றியது. ஜமீன் ஒழிப்பு, தொழிலாளர் நலம் போன்ற சட்டங்களை நாளைக்கு நாலைந்து நீதிபதிகள் தடுத்துவிடக் கூடாது என்பது கவலை. 1948 டிசம்பர் விவாதத்தில் இந்த மாற்றத்தை முன்னின்று ஆதரித்தவர் அல்லாடி. எதிர்த்தவர்கள் நிறைய. இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி அம்பேத்கர் முடிவைச் சபையிடமே விட்டார். அல்லாடி தரப்பு ஜெயித்தது.

விலை சீக்கிரமே தெரிந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், புதிய அரசமைப்பை நம்பி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நாடாளுமன்றம் போட்ட தடுப்புக் காவல் சட்டம் நியாயமா என்று பார்ப்பது தங்கள் வேலையில்லை, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதே கேள்வி என்று 1950 மே மாதம் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி பசல் அலி மாறுபட்டார்.

28 வருடம் கழித்து, 1978-ல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில்தான் இது மாறியது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்கணும் என்றது கோர்ட். வெளியே அனுப்பப்பட்ட சொல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. 2017-ல் பிரைவசி அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னதற்கும் 21-வது பிரிவின் இந்த விரிந்த பொருள்தான் அடிப்படை.

கவர்னர் பிரச்சினையிலும் இவர் இருக்கிறாரா?

இருக்கிறார். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநில கவர்னரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். இந்தியாவிலும் 1947-ல் முதலில் எடுத்த முடிவு அதுதான். 1949 மே மாத இறுதியில் அது மாறியது, ஜனாதிபதியே நியமிப்பார் என்று ஆனது. மக்கள் தேர்ந்தெடுத்த கவர்னரும், மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் மோதல் வரும் என்பது வாதம். அல்லாடி நியமன முறையை ஆதரித்தார். மாநில அமைச்சரவையைக் கலந்துகொண்டு நியமிக்கும் மரபு தானாகவே வளரும் என்று நம்பினார்.

எழுதி வைக்காத மரபு எவ்வளவு தூரம் தாங்கும்? கிண்டி ராஜ்பவனுக்கும் கோட்டைக்கும் இடையே சமீப வருடங்களில் நடந்ததைப் பார்த்த தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்யூனல் ஜி.ஓ. வழக்கு

தமிழ்நாட்டில் அல்லாடியின் பெயர் இன்றும் சூடாக விவாதிக்கப்படுவது இந்த வழக்கால்தான். மெட்ராஸ் மாகாணத்தில் கல்லூரி இடங்களை 14, 14-ஆகப் பிரித்து ஒதுக்கும் அரசாணை இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, பட்டியல் வகுப்பினருக்கு 2, கிறிஸ்தவர்கள்-ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. காலம்காலமாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு இதுதான் கதவைத் திறந்தது.

அரசமைப்பு வந்த வருடமே செண்பகம் துரைராஜன் வழக்கு வந்தது. மெட்ராஸ் ஐகோர்ட்டில் இந்த ஜி.ஓ.வுக்கு எதிராக வாதாடியவர், வரைவுக் குழு உறுப்பினரான அதே அல்லாடி. அரசுக் கல்வி நிலையங்களில் மதம், ஜாதியை மட்டும் வைத்து யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று சொல்லும் 29-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு முக்கிய ஆயுதமானது. மேல்சித்தாமூர் சமணர்கள் போன்ற சிறுபான்மையினரின் பண்பாட்டைக் காக்கும் அதே 29-வது பிரிவுதான்!

1950 ஜூலையில் ஐகோர்ட் ஜி.ஓ.வை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பெரியார் தலைமையிலும் திராவிட இயக்கத்தினராலும் மாகாணம் முழுக்கப் போராட்டம். அதே ஜூன் மாதம் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) சேர்க்கப்பட்டது. நாடு முழுக்க இன்றைய கல்வி இடஒதுக்கீட்டுக்கு அடித்தளம் அதுதான்.

கடைசிக் குடிமகனுக்கும் ஓட்டு வேண்டும் என்று நின்றவர், அந்தக் குடிமகனின் மகனுக்கு காலேஜ் சீட் உறுதி செய்த ஏற்பாட்டை எதிர்த்து வாதாடினார். சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்று என்பதை அவர் எழுத்துப்படி எடுத்துக்கொண்டார் என்று அவரை மதிப்பவர்கள் சொல்கிறார்கள். ஜாதியால் வந்த ஏற்றத்தாழ்வு அவர் கண்ணில் படவில்லை என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், அவர் நம்பிய சாதாரண மனிதர்கள் இந்த விஷயத்தில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்று, அவர் எழுத உதவிய சட்டத்தையே திருத்தவைத்தார்கள்.

பிறகு?

1953 அக்டோபர் 3 அன்று அல்லாடி காலமானார். ஒரு மகன் அல்லாடி குப்புசாமி, ஆந்திரப் பிரதேச ஐகோர்ட்டின் தலைமை நீதிபதி ஆனார். இன்னொரு மகன் ராமகிருஷ்ணன் இயற்பியல் விஞ்ஞானி. லஸ் சர்ச் ரோட்டில் தன் அப்பாவின் பெயரால் அல்லாடி ‘ஏகாம்ர நிவாஸ்’ என்று அழைத்த வீட்டில், ராமகிருஷ்ணன் இயற்பியல் கருத்தரங்குகள் நடத்தினார். 1960-ல் நோபல் விஞ்ஞானி நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்தார். அந்த முயற்சிதான் 1962-ல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்?

அமெரிக்கா தன் அரசமைப்பை ஏற்பதற்கு முன்பே வாக்கெடுப்பு நடத்தியது, ஆனா பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு. இந்தியா வாக்கெடுப்பு நடத்தாமலே எழுதியது, ஆனா எழுதி முடித்ததும் எல்லோரையும் உள்ளே விட்டது. நம் சட்டத்திலும் ‘ஒப்புதல்’ இல்லாமல் இல்லை: கூட்டாட்சி தொடர்பான முக்கியத் திருத்தங்களுக்குப் பாதி மாநில சட்டசபைகளாவது சம்மதிக்க வேண்டும் என்கிறது 368-வது பிரிவு. ஜிஎஸ்டி அப்படி வந்ததுதான். மற்ற திருத்தங்கள் எல்லாமே நாடாளுமன்றத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அதை முடிவு செய்கிற ஓட்டுச்சாவடி மேல்சித்தாமூரிலும் உண்டு. அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.